தம்பு சாரின் சாப்பு

வருமானவரிப் படிவம் அனுப்பும் மாதங்கள் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் தம்பு சாரின் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. செந்தூலில் இருந்து வருவார்கள், கிள்ளானில் இருந்து வருவார்கள். ஒருமுறை ஜெஞ்சாரோமில் இருந்து ஒருவர் செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு வந்து, அதைத் தெருவில் நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார்.

யாழ்ப்பாணத்து வழி வந்த தம்பு சார் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை செய்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு மேசைக்கு வருவார். ரசீதுகளை மாத வாரியாக அடுக்குவார். கணக்குப் பார்த்து, அச்சு மாதிரியான எழுத்தில் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். காசு வாங்க மாட்டார். கடைசியாக, வந்தவர் கொண்டுவந்த நோட்டுப் புத்தகத்தில், ஊதா மையில், தேதியோடு ஒரு சாப்பு அடித்துக் கொடுப்பார். ‘டித்தெரிமா’. பெற்றுக்கொண்டேன் என்று மலாயில்.

அந்த முத்திரை அரசாங்கத்துடையது அல்ல, அவர் பணம் கொடுத்து ஒரு கடையில் செய்து வாங்கியது என்பது மகள் பிரேமினிக்குத் தெரியும். சின்ன வயதில் அதன் தேதிச் சக்கரத்தைத் திருப்பி வைப்பது அவள் வேலை. வந்தவர்கள் அதையெல்லாம் யோசித்ததில்லை. தம்பு சார் வாங்கிக்கொண்டால் அரசாங்கமே வாங்கிக்கொண்ட மாதிரி. வரி அலுவலகம் தரும் ரசீதை அவரிடம் கேட்பது, கோவிலில் ஐயரிடம் திருநீற்றுக்கு பில் கேட்பது போல. ஒருவரும் கேட்டதில்லை.

அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிள்ளான் இராஜம்மா பிரேமினியின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். பிரேமினி உரிமம் பெற்ற வரி ஏஜென்ட். பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கடைவீட்டின் மாடியில் அவளுடைய அலுவலகம்.

"பாப்பா, ஏர்போர்ட்ல என்னை வெளிய போகவே விடல லா," என்றாள் இராஜம்மா, உட்காருவதற்கு முன்பே.

இராஜம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. கிள்ளானில், தெங்கு கெலானா சாலைக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். கணவர் போய்ப் பதினைந்து ஆண்டு ஆகிறது. ஒரே மகள் மலர், கல்யாணமாகிப் பெர்த்தில் இருக்கிறாள்.

"முதல்ல உக்காருங்க ஆன்டி. யாரு விடல?"

"அந்த மெஷின் கேட்டுதான். பாஸ்போர்ட்ட வச்சேன், திறக்கல. மெஷின் கெட்டுப்போச்சாக்கும்னு அடுத்த கேட்டுல போய் நின்னேன். அதுவும் திறக்கல. மூணாவதுக்குப் போறப்ப ஒரு பொண்ணு வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. திருச்சிக்கு எங்க கோவில் கூட்டம் இருபத்தெட்டுப் பேரு. எல்லாரும் அந்தப் பக்கம் நின்னு பாக்குறாங்க. நான் இந்தப் பக்கம், திருடி மாதிரி. என் பெட்டி மட்டும் உள்ள போயிருச்சு, அதுக்கு வரி பாக்கி இல்ல போல. அப்புறம் அதையும் இறக்கிக் குடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிரேமினியும் சிரித்தாள்.

"ஹாசில்ல போய்க் கேளுங்க ஆன்டின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நமக்குத்தான் ஹாசில்ல பாப்பா இருக்கேன்னு இங்க வந்தேன்." வரி வாரியத்தை எல்லாரும் ஹாசில் என்றுதான் சொல்வார்கள், பிரேமினி அங்கே வேலை பார்க்கவில்லை என்று இராஜம்மாவுக்குப் பத்து முறை சொல்லியாகிவிட்டது. "சாமிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆனா மலருக்குப் பிரசவம் மே பதினெட்டுன்னு தேதி குடுத்திருக்காங்க. ரெண்டு தடவ தங்காமப் போய் இது மூணாவது. அதுக்குள்ள நான் அங்க இருக்கணும் பாப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பிரேமினி கணினியில் இராஜம்மாவின் கணக்கைத் திறந்தாள். ஏழு ஆண்டுகளுக்கு நேராகவும் ஒரு படிவம்கூட இல்லை.

"ஆன்டி, ஏழு வருஷமா நீங்க பாரமே அனுப்பல."

"அனுப்பினேனே."

"இதுல இல்லையே. அனுப்பாததால அவங்களே உங்க வருமானம் இவ்வளவு இருக்கும்னு ஒரு மதிப்புப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்காங்க. மூணு தடவ. அதைக் கட்டலன்னுதான் தடை. லெட்டர் வரலையா?"

"வந்துச்சு. கொண்டுபோய்க் குடுத்துட்டனே."

"யார்கிட்ட?"

அவளுடைய வீட்டு முகவரியை அவளிடமே கேட்டதுபோல இராஜம்மா பார்த்தாள். "உங்க அப்பாகிட்டதான்."

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில் பிரேமினி அவரிடம் கேட்பாள்: "அப்பா, எல்லாற்ற பாரமும் அனுப்பியாச்சா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சுது, பிள்ளை," என்பார். ஏழு ஜூன் மாதங்கள். ஒருமுறைகூட அந்தக் குரலில் அவள் ஒரு தடுமாற்றத்தையும் கண்டதில்லை.

அதனால் அவள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள்.

"ஆன்டி, வயசாகுதில்ல. வேற ஏஜென்ட் யார்கிட்டயாவது குடுத்திருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

இராஜம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரிங்க மேடம்," என்றாள் பிறகு. பிரேமினியைப் பிறந்த நாளிலிருந்து பாப்பா என்று கூப்பிட்ட வாய் அது. கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு நீல நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

ஊதா நிறத்தில் ஏழு சாப்புகள். முதலாவது 20 மே 2018. கடைசி 19 மே 2024. அது மட்டும் சாய்ந்து, ஓர் ஓரம் பதியாமல் இருந்தது. அந்த மே மாதம் அவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டிப்போய்க் கூட்டிவந்தது பிரேமினிதான். போக அரை மணி, வர அரை மணி, காரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மதியம் அவள் அம்மாவின் வீட்டுக்கு நடந்து போனாள். பிரேமினி குடியிருப்பது தூரத்தில், செமினியில் என்றாலும் மதியச் சாப்பாடு எப்போதும் அங்கேதான். நேசம்மா நெத்தலிச் சொதி வைத்திருந்தாள்.

"அம்மா, கிள்ளான் இராஜம்மா ஆன்டியின்ர பாரம் எல்லாம் எங்க?"

நேசம்மா என்ன பாரம் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை. சொதிச் சட்டியை மூடி வைத்தாள். அந்த மூடி வைத்ததிலேயே பிரேமினிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"இரும்பு அலுமாரிக்கு மேல. அவற்ற சூட்கேசுக்குள்ள."

நாற்காலி போட்டு ஏறி இறக்கினாள். உள்ளே பதினொரு கட்டுகள், வெள்ளை நாடாவால் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி. இராஜம்மாவின் கட்டு மேலேயே இருந்தது. ஏழு படிவங்கள். எல்லாம் நிரப்பி, இராஜம்மாவின் கோணல் கையெழுத்தோடு, பின்னால் ரசீதுகள் குத்தி. நூல் வாங்கிய ரசீது, கடை வாடகை, தையல் மெஷின் பழுது பார்த்தது. கடைசியில் வரி வாரியத்தின் மூன்று கடிதங்கள். உறையின் ஓரத்தைக் கத்தியால் சீராக வெட்டிப் பிரித்திருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘பதில் எழுத வேண்டும்.’

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் வருசமே."

"என்ன நடந்தது?"

நேசம்மா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வீட்டுக்குப் பாரம் வாறது நிண்டுபோச்சு. நேர போய் வாங்குவம் எண்டு போனார். கவுண்டரில இருந்த பிள்ளை மரியாதையாத்தான் சொல்லிச்சாம். அங்கிள், இப்ப கம்ப்யூட்டர்லதான் சுகம், வீட்டில பிள்ளையள் இருந்தாச் செய்யச் சொல்லுங்கோ எண்டு. வந்து ரெண்டு நாள் கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்தார். பாஸ்வேர்ட் பிழை, பாஸ்வேர்ட் பிழை எண்டு வந்துகொண்டே இருந்தது. பிறகு மூடிப்போட்டுப் படுத்திட்டார்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே. நான் செய்யிற வேலையே இதுதானே அம்மா!"

"உன்னட்டக் கேட்டா நீ செய்து குடுப்பாய். அடுத்த வருசம் சனம் நேர உன்னட்ட வரும். இஞ்ச ஆர் வருவினம்?"

பிரேமினி கடைசிப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். கட்ட வேண்டிய வரி என்ற கட்டத்தில் ஒரு சிறு தொகை, பென்சிலில். மூன்று ஆண்டுகளில் அப்படி இருந்தது. ஆனால் இராஜம்மாவிடம் ஏழு ஆண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்: இந்த வருஷம் கட்ட வேண்டியதில்லை. பணத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அது திருட்டு. அந்தக் கோட்டை மட்டும் அவர் தாண்டவில்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

"அப்பா போய் எட்டு மாசம். ஒவ்வொரு நாளும் இந்த அலுமாரிக்குப் பக்கத்தில இருந்துதான் நான் சாப்பிடுறன். ஒரு வார்த்தை சொல்லேல்ல நீங்கள்."

"செத்த மனுசனை ஏன் கிளறுவான் எண்டு விட்டிட்டன்."

"இந்தப் பதினொரு பேரும் உயிரோட இருக்கினம்."

நேசம்மா சொதிச் சட்டியின் மூடியைத் திறந்தாள். "சோறு போடட்டே?" என்று கேட்டாள். பிரேமினி இராஜம்மாவின் கட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படியிறங்கினாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் ஏழு ஆண்டுக் கணக்கையும் அடியிலிருந்து போட்டாள். அவருடைய படிவத்தைப் பார்த்து எழுதவில்லை. ரசீதுகளை மட்டும் பிரித்தெடுத்து, புதிதாகக் கூட்டி, புதிதாகக் கழித்து, கடைசியில்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று தேடினாள். ஒரு கூட்டல் பிழை, தவறிய ஒரு கழிவு, மாறிப்போன ஓர் எண். இருந்திருந்தால் அவருக்கு மறதி வந்துவிட்டது, மூளை தளர்ந்துவிட்டது, பாவம் என்று சொல்லிக்கொண்டு அழுதிருப்பாள். இல்லை. ஏழு ஆண்டும் கடைசிக் காசு வரைக்கும் சரியாக இருந்தது. சாவதற்கு இரண்டு மாதம் முன்பு நிரப்பியதுகூட.

படிவங்கள் போய்ச் சேர்ந்தன. வாரியத்தின் மதிப்பைவிட இராஜம்மாவின் உண்மையான வரி மிகவும் குறைவு. திருத்தித் தருகிறோம் என்று அதிகாரி சொன்னார். ஆனால் அபராதத்தைக் குறைக்கவும் பயணத் தடையை எடுக்கவும் ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றார். ஏழு ஆண்டு ஏன் அனுப்பவில்லை?

இந்தக் கடிதத்தைப் பிரேமினி எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு எழுதியிருக்கிறாள். கணினியில் ஒரு மாதிரி இருந்தது; பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். மாற்றினாள். அச்செடுத்தாள். கையெழுத்துப் போட இராஜம்மாவை வரச் சொன்னாள்.

இராஜம்மா ஏப்ரல் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை வந்தாள். சூட்கேஸில் இருந்ததைப் பற்றி பிரேமினி அவளிடம் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தாள். அப்போது மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. "சரி," என்றாள் இராஜம்மா. அவ்வளவுதான்.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைக் கையில் எடுத்தாள். மலாயில் இருந்த கடிதம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்; விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். இரண்டாவது பத்தியில் விரல் நின்றது.

"கெச்சுவாயான்னா என்ன? கவனக்குறைவுதான?"

"ஆமா ஆன்டி."

"யாரோட கவனக்குறைவு?"

"அது... எல்லாருக்கும் பொதுவா எழுதுறதுதான்."

"எல்லாரும் உங்க அப்பாகிட்டயா குடுத்தாங்க?"

பிரேமினி பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"ஏழு வருஷம். ஊசி வாங்கின ரசீதக்கூட விடாம மைலோ டப்பாவுல போட்டு வச்சி, கிள்ளான்ல கொமியூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல்ல இறங்கி நடந்து வந்து குடுத்தேன். மழை பேஞ்சா நான் நனைவேன், ரசீது நனையாது, பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிருப்பேன். இப்ப என்னைக் கவனம் கெட்டவளுன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்துக் கேக்குறீங்களா மேடம்?"

"கெட்ட எண்ணத்துல எழுதல ஆன்டி. இப்பிடி எழுதினா சீக்கிரமா முடிஞ்சிரும். நீங்க மலர்கிட்டப் போகணும் இல்ல?"

"போகணும். இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்ற." இராஜம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க அப்பா கருமாதிக்கு நான் கடையச் சாத்திட்டு வந்தேன். வேட்டிய வாங்கிக்கிட்டு வந்து வச்சேன். நீ போன்ல சொன்ன அன்னிக்குக்கூட எனக்கு அவரு மேல கோவம் வரல தெரியுமா? வயசானவரு, கம்ப்யூட்டர் தெரியாது, சொல்ல வெக்கம், என்னமோ ஆயிப்போச்சுன்னு என் மனசுக்குள்ளயே உங்க அப்பாவுக்கு வக்கீலு நான். இன்னிக்குத்தான் கோவம் வருது. அவரு மேல இல்ல. உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே அவரத் தூக்கி என் தலையில வைக்கிற."

மாடியின் கீழே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

தன் அப்பா தனக்குச் செய்ததைத்தான் தான் இவளுக்குச் செய்துகொண்டிருப்பதாகப் பிரேமினிக்குப் பட்டது. அதே மேசை ஒழுங்கு, அதே மரியாதையான குரல், அதே ‘நான் பாத்துக்கறேன்’. கடிதத்தை இராஜம்மாவின் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

கணினிக்குத் திரும்பி, மாதிரியை மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். இராஜம்மா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒவ்வொரு வரியையும் பிரேமினி எழுதி, தமிழில் சொன்னாள்.

"இந்த அம்மா ஒவ்வொரு வருஷமும் நேரத்தோட எல்லாக் கணக்கையும் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டவர் தம்பு. அனுப்பிட்டேன்னு சொன்னார். அனுப்பல. வாரியத்தோட மூணு லெட்டரையும் அவரே வாங்கி வச்சுக்கிட்டார். இவங்ககிட்ட எதுவும் சொல்லல."

"ம்."

"அவர் என்னோட அப்பா. பாரமெல்லாம் எங்க வீட்டுல இருந்துதான் எடுத்தேன்."

பிரேமினி நீல நோட்டைக் கேட்டு வாங்கி, ஏழு சாப்புகளையும் நகல் எடுத்துக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினாள். கடிதத்தின் தலையில் அவளுடைய அலுவலகத்தின் பெயரும் உரிம எண்ணும் இருந்தன.

மறுநாள் அதிகாரியான அம்மையார் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இது உங்கள் அப்பாவா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்."

"இப்போது எங்கே?"

"இறந்துவிட்டார்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று மதியம் நேசம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "அவற்ற பேரை எழுதினியோ?"

"எழுதினன்."

நேசம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் எதுவும் வரவில்லை. பிரேமினி எழுந்து போகவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

மே எட்டாம் தேதி திருத்திய கணக்கு வந்தது. அபராதத்தைப் பெரும்பாலும் குறைத்திருந்தார்கள். இராஜம்மா அன்றே கட்டினாள். பன்னிரண்டாம் தேதி தடை நீங்கிய கடிதத்தை வாங்கிக்கொள்ள வந்தாள். பதினான்காம் தேதி விமானம்; டிக்கெட்டை மலர் போட்டிருந்தாள்.

கடிதத்தை வாங்கியதும் போய்விடுவாள் என்று பிரேமினி நினைத்தாள். இராஜம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏழு பாரமும் போய்ச் சேந்ததுக்கு ஹாசில் குடுத்த ரசீதக் காட்டுங்க. ஒண்ணொண்ணா."

பிரேமினி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இராஜம்மா கைத்தொலைபேசியில் படம் எடுத்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, அடுத்தது என்றாள். ஏழாவது முடிந்ததும் நீல நோட்டைத் திறந்து, சாய்ந்திருந்த கடைசிச் சாப்புக்குக் கீழே விரலை வைத்தாள்.

"ரசீது, பாரம், லெட்டரு எல்லாம் உங்ககிட்ட இருக்குன்னு இங்க எழுதிக் குடுங்க."

தம்பு சாரின் முத்திரை பிரேமினியின் இழுப்பறையில்தான் இருந்தது. சூட்கேஸிலிருந்து அதையும் எடுத்து வந்திருந்தாள். கை அந்தப் பக்கம் போனதை இராஜம்மா பார்த்துவிட்டாள்.

"சாப்பு வேணாம்," என்றாள். "கையெழுத்துப் போடுங்க. பேரு, ஐசி நம்பரு, தேதி."

பிரேமினி எழுதினாள். இராஜம்மா அதைப் படித்து, அடையாள அட்டையின் ஐசி எண்ணை இரண்டாம் முறை சரிபார்த்து, நோட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். வாசலில் நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வார்த்தை வந்தது: ‘கேட்டு திறந்துச்சு.’ பாப்பாவும் இல்லை, மேடமும் இல்லை.

பிரேமினி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்த சூட்கேஸைத் திறந்து இரண்டாவது கட்டை எடுத்தாள். செந்தூல், பழனியப்பன். லோரி ஓட்டுநர். ஆறு ஆண்டு. நாடாவின் முடிச்சை அப்பா எப்போதும் போடும் விதத்தில், ஒரே இழுப்பில் அவிழும்படி போட்டிருந்தார். அவள் எண்ணைத் தட்டினாள்.

"யாரு, தம்பு சார் மகளா?" மறுமுனையில் குரல் மலர்ந்தது. "என்னாம்மா, நல்லா இருக்கீங்களா? அம்மா சொகமா? இப்பகூட வீட்டுல பேசிக்கிட்டு இருந்தோம், உங்க அப்பா மாதிரி ஒரு மனுசன..."

"அங்கிள்," என்றாள் பிரேமினி. "உங்க பாரத்தப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்பாவப் பத்தி எதுவும் சொல்லாதீங்க."